ஹோப்பி மண்பாண்டம் முதல் தடவை வாங்கப் போறவங்களுக்கு: எதைப் பார்க்கணும், என்ன பேப்பர் கேக்கணும், எவ்வளவு ஆகும்

அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல ஃபீனிக்ஸ் பக்கம் குடி வந்த புதுசுல ஒரு மியூசியத்துல ஹோப்பிங்கற பழங்குடி மக்கள் பண்ணின கிண்ணம் ஒண்ணு பார்த்தேன். தேன் நிறத்துல உடம்பு, மேல கறுப்புலயும் செங்கல் சிவப்புலயும் ஒரு பறவையோட இறக்கை, அது வளைஞ்சு வளைஞ்சு கிண்ணத்தைச் சுத்தி வந்து ஆரம்பிச்ச இடத்துலயே முடியுது. அரை மணி நேரம் அங்கயே நின்னுட்டேன். வீட்டுல ஒண்ணாவது வேணும்னு அன்னைக்கே மனசுல விழுந்துடுச்சு, ஆனா நல்லதா ஒண்ணு கைக்கு வந்து சேர ஒன்றரை வருஷம் ஆச்சு. நடுவுல 340 டாலருக்கு ஒரு போலி வாங்கினேன், ஒரு ஜாடி பார்சல்ல நாலு துண்டா வந்துச்சு, கிராமம் மூடியிருந்த நாள்ல போய் நின்னுட்டு ஒன்பது மணி நேரம் வண்டி ஓட்டினதுதான் மிச்சம்னு திரும்பினேன். இந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்னுதான் எழுதுறேன். வரலாறு எல்லாம் சொல்லப் போறதில்ல, வாங்குறதுக்கு எது தேவையோ அது மட்டும்.

1. எந்த வகை வேணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க

ஹோப்பி மக்களோட நிலம் அரிசோனாவோட வடகிழக்குல இருக்கு, சுத்தி நாலு பக்கமும் நவஹோங்கற இன்னொரு பழங்குடியோட நிலம். மேட்டு நிலங்கள் மூணு, ஃபர்ஸ்ட் மேசா, செகண்ட் மேசா, தேர்ட் மேசான்னு சொல்வாங்க. கூடை வேணும்னா செகண்ட் மேசாவும் தேர்ட் மேசாவும், மண்பாண்டம்னா ஃபர்ஸ்ட் மேசா. அதுலயும் மேல இருக்குற வால்பி, சிச்சோமோவி, ஹானோங்கற மூணு கிராமம், கீழ ரோட்டோரமா இருக்குற பொலாக்கா, இங்கதான் வனையறவங்க அதிகம். இது தெரியாம மூணு மேசாவும் சுத்தினா ஒரு நாள் போயிடும்.

நிறத்தை வச்சுப் பார்த்தா புதுசா வாங்குறவங்க கண்ணுல படுறது பெரும்பாலும் ரெண்டு வகை. ஒண்ணு மஞ்சள் உடம்பு. பச்சை மண்ணா இருக்குறப்ப அது சாம்பல் நிறம்தான், மண்ணுல இருக்குற இரும்புச் சத்தால நெருப்புல வெந்ததும் வெண்ணெய் நிறத்துல இருந்து ஆரஞ்சு வரைக்கும் மாறும், ஒரே கிண்ணத்துல ஒரு பக்கம் வெளுப்பா இன்னொரு பக்கம் சிவந்த மாதிரி இருக்கும், அது குறை இல்ல, அதுதான் அழகே. இன்னொண்ணு வெள்ளை உடம்பு, வெள்ளைக் களிமண்ணைக் கரைச்சு மேல பூசி மெருகேத்தி அதுமேல வரையறது. முழுக்கச் செவந்த பாத்திரமும் உண்டு, ஆனா குறைச்சலாத்தான் கண்ணுல படும்.

2. குடும்பத்தைப் படிங்க, அப்புறம் அடிப்பக்கத்தைப் படிங்க

இந்தப் படியைத் தாண்டிப் போனதும் நான் ஏமாந்ததுக்கு ஒரு காரணம், அதனால கொஞ்சம் நீட்டியே எழுதுறேன். ஹோப்பில குலம் அம்மா வழியா வரும். மண் எங்க எடுக்குறது, எந்தக் கோலம் யாரு வரையலாம், மெருகு போடுற கல்லு, இதெல்லாம் பெரும்பாலும் அம்மாகிட்ட இருந்து பொண்ணுக்கு, பாட்டிகிட்ட இருந்து பேத்திக்கு, மாமியார்கிட்ட இருந்து மருமகளுக்கும் கூடப் போகுது. இப்ப ஆண்களும் நிறைய பேர் பண்றாங்க. அதனால ஒரு பாத்திரத்தைப் பார்த்ததும் யாரு பண்ணினதுன்னு கேக்குறதோட நிறுத்தாதீங்க, அவங்க யாருகிட்ட கத்துக்கிட்டாங்கன்னும் கேளுங்க. விலை, மதிப்பு, போலியா இல்லையாங்கறது எல்லாமே அந்தக் கேள்விலதான் இருக்கு.

அடிக்கடி காதுல விழப்போற பேரு நம்பேயோ. ஹானோ கிராமத்து அம்மா, சோளக் குலம், 1942ல இறந்தாங்க. பக்கத்துல இடிஞ்சு கிடந்த சிக்யாட்கிங்கற பழைய ஊரோட பானைக் கோலங்களை எடுத்துப் புதுசா உயிர் குடுத்தவங்க. அவங்களுக்கு ஆனி, நெல்லி, ஃபேனின்னு மூணு பொண்ணுங்க, அந்த மூணு கிளையும் இன்னைக்கு வரைக்கும் வனையுது. ஆனி வழியில பேத்தி ரேச்சல், ரேச்சலோட பொண்ணு டெக்ஸ்ட்ரா குவாட்ஸ்குய்வா. ஃபேனி வழியில தோளைச் சுத்தி மெல்லிசு கோடு கோடா ஓடுற இடப்பெயர்ச்சிக் கோலம் நிறைய பார்ப்பீங்க, அவங்க பையன் தாமஸ் பொலாக்கா அதே மண்ணுல செதுக்கி வேலை பண்ணினவர்.

இங்க ஒரு பொறி இருக்கு, கவனமா இருங்க. வாரிசுகள் பல பேர் நம்பேயோங்கறதைத் தங்கள் பேரோட சேர்த்துப் போடுறாங்க, அது அவங்க உரிமை. ஆனா விக்கிறவங்க சில பேர் முன்னாடி இருக்குற பேரை விட்டுட்டு வெறும் 'நம்பேயோ பானை'ன்னு எழுதி விலையை ஏத்தி வைப்பாங்க. முதல் நம்பேயோ அம்மா பெரும்பாலும் கையெழுத்தே போட்டதில்ல, வயசான காலத்துல கண்பார்வை போனப்புறம் வீட்டுப் பெண்கள்தான் அவங்க வனைஞ்சதுல வரைஞ்சு குடுத்தாங்க. அதனால அடியில அழகா நம்பேயோன்னு எழுதியிருந்தா அது பெரும்பாலும் வாரிசு யாரோ ஒருத்தர் பண்ணினது, எந்த வாரிசுன்னு முழுப் பேர் இல்லாம காசு குடுக்காதீங்க.

வெள்ளை உடம்புக்கு வந்தா நாஹா, நவாசி பேருங்க. பாக்குவா நாஹாங்கற அம்மா அடியில தவளை வரைவாங்க, அதனால அவங்களுக்குத் தவளைப் பெண்ணுன்னே பேரு. அவங்க பொண்ணு ஜாய் நவாசியும் தவளைதான் போட்டாங்க. ரெண்டும் எப்படிப் பிரிக்கிறதுன்னா அம்மா வரைஞ்ச தவளைக்கு விரல் குட்டையா இருக்கும், பொண்ணு வரைஞ்சதுக்கு வாத்துக் கால் மாதிரி விரலுக்கு நடுவுல சவ்வு இருக்கும். பாக்குவாவோட மருமக ஹெலன் நாஹா இறகு போட்டாங்க, அவங்க அவாடோவிங்கற பழைய ஊர் ஓடுகள்ல இருந்த கறுப்பு வெள்ளைக் கட்டங்களை எடுத்து வரைஞ்சவங்க. அவங்க பிள்ளைங்க காலத்துலயும் இறகு தொடர்ந்துச்சு, கூட ஒரு எழுத்தோ பேரோ சேர்ந்திருக்கும். அதாவது இறகைப் பார்த்ததும் ஹெலன்னு முடிவு கட்டக்கூடாது, இறகு பக்கத்துல என்ன இருக்குன்னு பார்க்கணும்.

இன்னொண்ணு, பில்லுல ஹோப்பி-டேவான்னு எழுதியிருந்தா தப்பு இல்ல. ஹானோ மக்கள் டேவா மொழிக்காரங்க, நிறைய நல்ல குயவர்கள் அங்க இருந்துதான் வர்றாங்க.

3. எங்க வாங்குறது

நாலு வழி இருக்கு. வீட்டுக்கே போய் வாங்குறது, சந்தையில வாங்குறது, கேலரி இல்லன்னா மியூசியம் கடை, கடைசியா இணையமும் ஏலமும். முதல் பாத்திரத்துக்கு நான் சந்தையைத்தான் சொல்வேன். ஃபீனிக்ஸ்ல ஹேர்ட் மியூசியம் சந்தை மார்ச் ஆரம்பத்துல நடக்கும், டிக்கெட் உண்டு. நியூ மெக்சிகோல சான்டா ஃபே இந்தியன் மார்க்கெட் ஆகஸ்ட்ல, 1922ல இருந்து நடக்குறது. ரெண்டு இடத்துலயும் பழங்குடி உறுப்பினர்னு ஆவணம் காட்டினாத்தான் கடை போட முடியும், அதனால போலிக்கு இடம் ரொம்பக் குறைவு. ஒரே நாள்ல பல குடும்பங்களோட வேலையைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கலாம், கண்ணு பழகிடும். ஆனா காலைல சீக்கிரம் போகணும், நல்லது முதல் ரெண்டு மணி நேரத்துல போயிடும். நான் பதினோரு மணிக்குப் போய் காலி மேஜைகளைத்தான் பார்த்தேன்.

கேலரில விலை கூடும், மேல விற்பனை வரியும் சேரும், ஆனா பேப்பர் சுத்தமா இருக்கும். இணையத்துல 'ஹோப்பி ஸ்டைல்', 'ஹோப்பி டிசைன்', 'தென்மேற்கு பாணி' இந்த மாதிரி சொல் கண்ணுல பட்டா அந்தப் பக்கத்தை மூடிடுங்க. என்னோட 340 டாலர் போனது அந்த 'ஸ்டைல்'ங்கற ஒரு சொல்லைக் கவனிக்காததால. அச்சுல ஊத்தி எடுத்து மின்சார சூளைல சுட்டு கடைல விக்கிற பெயின்ட் அடிச்ச சாமான், திருப்பிக் கேட்டப்ப "நாங்க ஹோப்பி பண்ணினதுன்னு எங்கயும் சொல்லலையே"ன்னு பதில் வந்துச்சு.

மண்ணுல தோண்டி எடுத்த பழைய பானைன்னு யாராவது குடுத்தா தொடவே வேண்டாம். அரசாங்க நிலத்துலயும் பழங்குடி நிலத்துலயும் எடுத்த நூறு வருஷத்துக்கு மேல பழசான பொருளை விக்கிறதும் வாங்குறதும் 1979 சட்டப்படி குற்றம்.

4. நாளும் நேரமும்

வீட்டுக்கே போய் வாங்கணும்னு ஆசை இருந்தா (எனக்கு இருந்துச்சு, கடைசில அப்படித்தான் வாங்கினேன்) இதைப் படிச்சுட்டுக் கிளம்புங்க.

ஃபீனிக்ஸ்ல இருந்து சுமாரா நாலரை மணி நேரம். ஃப்ளாக்ஸ்டாஃப் போய் அங்க இருந்து வின்ஸ்லோ, வின்ஸ்லோல இருந்து 87ம் நம்பர் ரோடு நேரா வடக்க செகண்ட் மேசாவுக்குப் போகும், அங்க 264ம் நம்பர் ரோட்டைப் பிடிச்சு கிழக்க திரும்பினா பொலாக்கா. வின்ஸ்லோல டேங்க் நிரப்பிக்கோங்க. தங்குறதுக்கு செகண்ட் மேசால ஹோப்பி கல்ச்சுரல் சென்டர்ல ரூம் இருக்கு, ஆனா கொஞ்சம்தான், முன்னாடியே போன் பண்ணணும். இல்லன்னா வின்ஸ்லோல தங்கி விடியக்காலைல கிளம்பிடலாம்.

கடிகாரம் ஒரு பெரிய தொல்லை. அரிசோனால கோடை நேர மாற்றம் கிடையாது, ஹோப்பிலயும் கிடையாது, ஆனா சுத்தி இருக்குற நவஹோ நிலத்துல உண்டு. மார்ச் நடுவுல இருந்து நவம்பர் ஆரம்பம் வரைக்கும் நீங்க போற வழியில உங்க போன் தானா ஒரு மணி நேரம் முன்னாடி போகும், அப்புறம் திரும்ப வரும், எந்த டவர் பிடிக்குதோ அந்த நேரம். யாருக்காவது பத்து மணிக்கு வர்றேன்னு சொல்லியிருந்தா போன்ல தானா மாறுறதை நிறுத்திட்டு ஃபீனிக்ஸ் நேரத்தையே வச்சுக்கோங்க.

அதைவிட முக்கியம் சடங்கு நாட்கள். குளிர்காலத்துல இருந்து ஜூலை வரைக்கும் கச்சினா காலம், அதாவது கச்சினாங்கற ஆவிகள் ஊருக்கு வந்து இருக்குறதா அவங்க நம்புற காலம், பல சடங்குகளுக்கு வெளியாளுக்கு அனுமதி இல்ல, அந்த நாள்ல கிராமமே மூடியிருக்கும், ரோட்டுலயே போர்டு வச்சிருப்பாங்க. தேதி முன்கூட்டி எங்கயும் போட்டிருக்காது. நான் போன முதல் தடவை அப்படித்தான் ஆச்சு. வீட்டுல வனையறவங்களும் அந்தச் சமயத்துல சமையல், சடங்கு வேலைன்னு இருப்பாங்க, கதவைத் தட்டுறதே மரியாதை இல்ல. கிளம்புறதுக்கு முதல் நாள் போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க, ஒரு போன்ல முடியுற விஷயம்.

5. ஊருக்குள்ள போனதும்

கிராமத்துக்குள்ள போட்டோ, வீடியோ, ரெக்கார்டிங், படம் வரையறது எதுவும் கூடாது. காமிராவை வண்டியிலயே வச்சிடுங்க, போனைப் பைக்குள்ள போட்டுடுங்க. மது எந்த வடிவத்துலயும் அந்த நிலத்துக்குள்ள கொண்டு போகக்கூடாது, வண்டி டிக்கில மூடி போட்ட பாட்டிலா இருந்தாலும் சரி. வால்பியைப் பார்க்கணும்னா அந்த ஊர் வழிகாட்டியோடதான் போகணும், கட்டணம் உண்டு, மேல ஏறுற ரோடு செங்குத்தா குறுகலா இருக்கும், பெரிய வண்டிக்கு அனுமதி இல்ல.

பொலாக்கால வீட்டு வாசல்ல கையால எழுதின 'பாட்டரி'ங்கற போர்டு இருந்தா போய்க் கதவைத் தட்டலாம். போர்டு இல்லாத வீட்டைத் தட்டாதீங்க.

நான் வாங்கின வீட்டுல அந்தம்மா சமையல்கட்டு ஜன்னல் பக்கத்துல உக்காந்து வரைஞ்சுட்டு இருந்தாங்க. மடியில மடிச்ச துண்டு, துண்டு மேல கிண்ணம். பிரஷ்னு அவங்க வச்சிருந்தது யூக்கான்னு கத்தாழை மாதிரி ஒரு செடியோட இலைக் கீத்து, முனையைப் பல்லுல மென்னு நாலஞ்சு நார் மட்டும் மிச்சம் விட்டது. கறுப்புக்கு பீவீட்னு ஒரு காட்டுச் செடி, அதைப் பல மணி நேரம் கொதிக்க வச்சு வத்த விட்டு பாகு மாதிரி எடுத்துக் காயவச்ச கட்டி, அதை ஒரு குழிஞ்ச கல்லுல தண்ணி விட்டு இரும்புக் கல் பொடியோட உரசுறாங்க, நம்ம வீட்டுல சந்தனம் அரைக்கிற மாதிரியே. பென்சில் கோடு கிடையாது, அளவு கிடையாது. இடது கை கிண்ணத்தைத் திருப்புது, வலது கை நகராம நிக்குது, கோடு தானா ஓடுற மாதிரி இருக்கு. ஜன்னல் திட்டுல வழவழன்னு ஒரு கூழாங்கல், ஒரு பக்கம் தேஞ்சு தட்டையா இருந்துச்சு. அது மெருகு போடுற கல்லு, அவங்க பாட்டியோடது. நான் வேணும்னா தொட்டுப் பார்க்கவான்னு கேட்டேன், குடுத்தாங்க, கையில வச்சதும் எங்க பிடிக்கணும்னு விரலுக்கே தெரியுது, அந்த அளவு தேஞ்சிருக்கு.

அவங்க கேள்விக்குப் பதில் சொல்ல விருப்பப்படுற வரைக்கும் கேளுங்க. கோலத்துக்கு என்ன அர்த்தம்னு கேட்டு சிரிச்சுட்டு விட்டுட்டாங்கன்னா அது சொல்லக்கூடாத விஷயம்னு புரிஞ்சுக்கோங்க, திரும்பக் கேக்காதீங்க.

6. கையில எடுத்துப் பார்க்குறப்ப

கேட்டுட்டுத்தான் எடுக்கணும். மோதிரம், வாட்ச் கழட்டிடுங்க. கைக்குக் க்ரீம் போட்டிருந்தா கழுவிட்டு நல்லாத் துடைங்க, வெள்ளை உடம்புல கறை பட்டா போகாது. வாய் விளிம்பைப் பிடிச்சுத் தூக்கக்கூடாது, ரெண்டு கையையும் அடியில குடுத்துத் தூக்குங்க.

முதல்ல உள்பக்கம். போன் டார்ச் அடிச்சுப் பாருங்க. சக்கரம் இல்லாம மண்ணைக் கயிறு மாதிரி உருட்டி சுத்தி சுத்தி ஏத்தி, சுரை ஓட்டுத் துண்டால சுரண்டி பண்றதுனால உள்ள லேசா மேடு பள்ளம், சுரண்டின தடம் இருக்கும். உள்ளயும் வெளியயும் கண்ணாடி மாதிரி ஒரே சீரா இருந்து நடுவுல ஒரு ஒட்டுக் கோடும் தெரிஞ்சா அது அச்சு. அடுத்து வெளிப்பளபளப்பு. இது கல்லால தேய்ச்சு வர்ற மெருகு, சாயங்கால வெயில் பட்ட மாதிரி மங்கலா மின்னும். பீங்கான் மாதிரி பளிச்சுன்னு இருந்தா மேல ஏதோ பூசியிருக்காங்க.

சூளைன்னு கட்டடம் எதுவும் கிடையாது, வெட்டவெளில காய்ஞ்ச செம்மறி ஆட்டு எருவை வறட்டி அடுக்குற மாதிரி சுத்தி அடுக்கி, உடைஞ்ச பானை ஓடுகளால பாத்திரத்தை மூடிச் சுடுறாங்க. எரு நேரா பட்ட இடத்துல புகை மாதிரி கறுப்போ பழுப்போ தடம் விழும். அது குறைன்னு நினைச்சு ஒரு கிண்ணத்தை நான் திருப்பி வச்சிட்டேன், இன்னைக்கு வரைக்கும் அந்த வருத்தம் இருக்கு. நிறம் கொஞ்சம் கூட மாறாம ஒரே சீரா இருந்தாத்தான் எப்படிச் சுட்டீங்கன்னு கேக்கணும். மின்சார சூளைல சுடுறதும் இப்ப உண்டு, அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா அதைச் சொல்லணும், விலையும் அதுக்கேத்த மாதிரி இருக்கணும்.

அப்புறம் நம்ம ஊர்ல பானை வாங்குறப்ப பண்றதுதான், கேட்டுட்டு விரல் முட்டியால லேசா சுண்டிப் பாருங்க. கணீர்னா சரி, சொத்துன்னு கேட்டா எங்கயோ விரிசல் இருக்கு. மேல்பரப்புல கடுகு அளவுக்குச் சின்னக் குழி இருக்கலாம், மண்ணுல இருந்த சுண்ணாம்புத் துணுக்கு வெடிச்சு வந்தது, ஒண்ணு ரெண்டு இருந்தா பரவால்ல. கேலரியிலயோ ஏலத்துலயோ வாங்குறதா இருந்தா ஒரு சின்ன புற ஊதா டார்ச் வாங்கி வச்சுக்கோங்க, பதினஞ்சு டாலருக்குள்ள கிடைக்கும், ஒட்டி பெயின்ட் அடிச்ச இடம் பெரும்பாலும் அதுல தனியா தெரிஞ்சிடும்.

7. விலை

ரெண்டு வருஷமா நான் நேர்ல பார்த்த விலைகளை வச்சுச் சொல்றேன், உங்களுக்கு ஒரு அந்தாசுக்கு மட்டும். உள்ளங்கைல அடங்குற சின்னக் கிண்ணம் வீட்டுல வாங்கினா 50ல இருந்து 150 டாலர். ஒரு தேங்காய் அளவு ஜாடி, கோடு நல்லா இருந்தா 250ல இருந்து 700. பேர் வாங்கின குடும்பம், பரிசு வாங்கின கை, மெல்லிசு சுவர்னா ஆயிரத்துல ஆரம்பிச்சுப் பல ஆயிரம் வரைக்கும் போகும். கேலரில இதே சாமானுக்கு ஒன்றரை மடங்கு, ரெண்டு மடங்கும் பார்த்திருக்கேன்.

பேரம் பேசாதீங்க. மண்ணைத் தோண்டி எடுத்து, ஊற வச்சு, கல்லு பொறுக்கி, வனைஞ்சு, காய வச்சு, சுரண்டி, மெருகு போட்டு, வரைஞ்சு, அப்புறம் கடைசியா நெருப்புல வைக்கிறப்ப ஒரு காத்து வேகமா அடிச்சா பாதி வெடிச்சுப் போயிடும். உங்க கைல இருக்குற ஒண்ணோட விலைல வெடிச்சுப் போனதோட உழைப்பும் இருக்கு. கட்டுப்படியாகலைன்னா இதைவிடச் சின்னது இருக்கான்னு கேளுங்க, தப்பா நினைக்க மாட்டாங்க.

பணமா எடுத்துட்டுப் போங்க, சின்ன நோட்டா. சில பேர் செக் வாங்குவாங்க, கார்டு மெஷினும் சில பேர்கிட்ட இருக்கு, ஆனா சிக்னல் இல்லன்னா வேலை செய்யாது, ஏடிஎம் தேடி அலையணும்.

ஆர்டர் குடுத்தா தேதி கேட்டு நெருக்காதீங்க. காத்து இல்லாத காய்ஞ்ச நாள்லதான் சுட முடியும், குளிர்லயும் ஜூலைக்கு மேல வர்ற மழைலயும் தள்ளிப் போகும், நடுவுல சடங்கு வரும். எனக்கு ரெண்டு மாசம்னு சொன்னது அஞ்சு மாசம் ஆச்சு. கல்யாணத்துக்கு, பிறந்த நாளுக்குப் பரிசுன்னா ஆர்டர் குடுக்காம இருக்குறதை வாங்கிடுங்க.

8. பேப்பர்

எல்லாரும் கோட்டை விடுறது இங்கதான். 1990ல வந்த இந்தியக் கலை, கைவினைச் சட்டப்படி பழங்குடியினர் பண்ணாததைப் பண்ணினதுன்னு சொல்லி விக்கிறது குற்றம். முதல் தடவை மாட்டினா தனி ஆளுக்கு 2,50,000 டாலர் வரைக்கும் அபராதமோ 5 வருஷம் வரைக்கும் சிறையோ ரெண்டுமோ, நிறுவனத்துக்கு 10 லட்சம் டாலர் வரைக்கும் அபராதம். ஆனா இந்தச் சட்டம் உங்களுக்கு உதவணும்னா விக்கிறவர் என்ன சொன்னார்ங்கறது எழுத்துல இருக்கணும். வாய்ல சொன்னதை வச்சு நான் ஒண்ணும் பண்ண முடியல.

அதனால பில்லுல இவ்வளவும் இருக்கான்னு அங்கயே நின்னு படிங்க: வனைஞ்சவரோட முழுப் பேரு, வரைஞ்சது வேற ஆள்னா அவர் பேரும், பழங்குடி ஹோப்பியா ஹோப்பி-டேவாவா, எந்த ஊர், எந்த மண், கையால வனைஞ்சதா, வெளில சுட்டதா சூளைலயா, ரிப்பேர் ஏதாவது பண்ணியிருக்கா, தேதி, விலை. வீட்டுல வாங்குறப்ப அவங்ககிட்ட பில் புக் இருக்காது, நான் ஒரு வெள்ளைத் தாள்ல இதையெல்லாம் எழுதி எடுத்துட்டுப் போய் "நிரப்பித் தருவீங்களா"ன்னு கேட்டேன், சந்தோஷமா எழுதி, கீழ அவங்க குறியையும் வரைஞ்சு குடுத்தாங்க. அம்மா பேரு, பாட்டி பேரும் எழுதச் சொன்னேன். அந்தத் தாள் கிண்ணத்துக்குச் சமமா எனக்கு முக்கியம்.

தங்க நிற முத்திரை ஒட்டின 'அசல் சான்றிதழ்' அட்டையைப் பார்த்து மயங்காதீங்க. அதுல வனைஞ்சவர் பேரும் பழங்குடிப் பேரும் இல்லன்னா அது வெறும் அட்டை. போலின்னு சந்தேகம் வந்தா அமெரிக்க இன்டீரியர் டிபார்ட்மென்ட்டுக்குக் கீழ இருக்குற இந்தியக் கலை, கைவினை வாரியத்துக்குப் புகார் எழுதலாம், பணம் குடுக்க வேண்டாம், பில் நகலும் விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட்டும் கேப்பாங்க. அதனால இணையத்துல வாங்குறப்ப பணம் கட்டுறதுக்கு முன்னாடியே ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க, அப்புறம் அந்தப் பக்கம் காணாம போயிடும்.

9. எடுத்துட்டு வர்றது

கார்ல வந்தா பழைய போர்வை ரெண்டும் அட்டைப்பெட்டியும் எடுத்துட்டுப் போங்க, சீட்டுக்குக் கீழ தரையில வைங்க, சீட் மேல வேண்டாம். நியூஸ்பேப்பர்ல சுத்தாதீங்க, மை ஒட்டும், வெள்ளை டிஷ்யூ போதும். உள்ள டிஷ்யூவைத் தளர்வா வைங்க, அமுக்கித் திணிச்சா அந்த அழுத்தத்துலயே விரியும்.

பார்சல்னா பெட்டிக்குள்ள பெட்டி. ரெண்டு பெட்டிக்கும் நடுவுல எல்லாப் பக்கமும் மூணு விரல்கடை அளவுக்காவது மெத்து மெத்துன்னு இடம் விடணும். எனக்கு உடைஞ்சு வந்த ஜாடி ஒரே பெட்டில ஒரு சுத்து பபிள் ராப்போட வந்தது, இன்சூரன்ஸ் இல்ல, 280 டாலர் போச்சு. அமெரிக்கத் தபால்ல 5,000 டாலர் வரைக்கும் இன்சூரன்ஸ் எடுக்கலாம், ஆனா க்ளெய்ம் பண்ண விலைக்கு ஆதாரம் வேணும், மேல சொன்ன பில் அங்கயும் உதவும். பார்சல் வந்ததும் பிரிக்கிறதை வீடியோ எடுங்க, பெட்டியைத் தூக்கிப் போடாதீங்க.

விமானத்துல ஊருக்கு எடுத்துட்டுப் போறதா இருந்தா கைப்பையிலதான் எடுத்துட்டுப் போகணும், அதனால வாங்குறதுக்கு முன்னாடியே பை அளவைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க. பில் கைல இருக்கட்டும். பழங்குடிகளோட புனிதப் பொருள், பழைய கலாச்சாரப் பொருளை நாட்டை விட்டுக் கொண்டு போகத் தடை போடுற சட்டம் 2022 டிசம்பர்ல கையெழுத்தாச்சு. விக்கிறதுக்குன்னே இப்ப பண்ணின பாத்திரம் அதுல வராது, ஆனா இது இப்ப பண்ணினதுன்னு காட்டுறதுக்கு தேதியும் பேரும் போட்ட பேப்பர் இருந்தா கேள்வி சீக்கிரம் முடிஞ்சிடும்.

10. வீட்டுல வச்சப்புறம்

தண்ணி ஊத்தக்கூடாது, பூ வைக்கக்கூடாது, ஈரத்துணில துடைக்கக்கூடாது. குறைஞ்ச சூட்டுல வெந்த மண்ணு, ஈரத்தை இழுத்துக்கும், மேல்பூச்சு உரிஞ்சு வரும். காய்ஞ்ச மெல்லிய பிரஷ்ல தூசி தட்டுங்க போதும். அடியில மியூசியம் புட்டின்னு ஒரு ஒட்டுமாவு கிடைக்கும், கடலை அளவுக்கு மூணு உருண்டை, கையெழுத்து மேல படாம வைங்க. எடுக்குறப்ப நேரா இழுக்காம மெதுவா திருகி எடுக்கணும்.

வச்ச அன்னைக்கே அடிப்பக்கம், உள்பக்கம், நாலு பக்கம் போட்டோ எடுத்து பில்லோட சேர்த்து ஒரு நகல் வேற இடத்துல வச்சிடுங்க. ஆயிரம் டாலருக்கு மேல போச்சுன்னா வீட்டு இன்சூரன்ஸ்காரங்ககிட்ட தனியா சேர்க்கணுமான்னு கேளுங்க, எனக்கு ஒரு மெயில்ல முடிஞ்சுது. பில்லுல பேரு இருக்குறவங்க அனுமதி குடுத்திருந்தா வச்ச இடத்தோட ஒரு படம் அவங்களுக்கு அனுப்புங்க. நான் அனுப்பினதும் அந்தம்மாகிட்ட இருந்து வந்த பதில், கோலத்தோட வாய் வெளிச்சத்தைப் பார்க்குற மாதிரி கொஞ்சம் திருப்பி வைங்கன்னு, இப்ப அப்படித்தான் இருக்கு.